குடும்பமே பட்டியலில் இருக்கு, இவர் பேர் மட்டும் இல்லை! ராமானுஜன் விட்டுப்போன 12 இலக்க எண்ணின் கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அம்பத்தூரில் ரயில் ஏறி ஆவடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். திருமுல்லைவாயல், அன்னனூர் தாண்டினால் ஆவடி. எப்போதும் வாசலுக்கே ஓடிவரும் அக்கா மகள் அன்றைக்கு வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கணக்கு டெஸ்ட் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு.

'72-ன் காரணிகள் அனைத்தையும் எழுதுக' என்பது கேள்வி. 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 24, 36, 72 என்று 11 எண்களை அழகாக எழுதியிருந்தாள். 18 மட்டும் விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம்.

"பதினொண்ணு கரெக்டா எழுதியிருக்கேன் சித்தி. ஒண்ணே ஒண்ணுதான் விட்டேன். அதுக்கு முட்டையா?"

"'அனைத்தையும்'னுதானே கேட்டிருக்காங்க" என்றார் சமையலறையிலிருந்து அக்கா.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்குச் சட்டென்று வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள். தேசிய கணித தினம். அதற்கு ஒரு கட்டுரை எழுதுவதற்காக அவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்ட விஷயம் அது.

"உன்னை மாதிரியே ஒருத்தர் ஒரு பட்டியல் எழுதினார். அதுலயும் ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. அவர் யார் தெரியுமா... ராமானுஜன்!"

அழுகை நின்றது. "பொய் சொல்றீங்க."

பொய் இல்லை என்று நிரூபிக்க மறுநாள் வரை நேரம் கேட்டேன்.

வளையல் ஏன் டஜன் கணக்கில்?

மாமாவுக்குப் பூந்தமல்லியில் ஃபேன்சி ஸ்டோர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைக் கேரியரில் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். நான் எதிர்பார்த்தது அங்கே இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், 12 இலக்கம் காட்டும் கடை கால்குலேட்டர்.

முதலில் வளையலிலிருந்து தொடங்கினேன். வளையலை ஏன் டஜனாக விற்கிறோம்? 12 வளையலை 2 பேர், 3 பேர், 4 பேர், 6 பேர் என்று எப்படி வேண்டுமானாலும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். 10 என்றால் 2 பேர் அல்லது 5 பேர்தான். 3 பேர் வந்தால் சண்டை.

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று 6 காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 4 காரணிகளுக்கு மேல் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்களைத்தான் ராமானுஜன் தேடினார். சுருக்கமாக 'சாம்பியன் எண்கள்' என்று வைத்துக்கொள்வோம்.

2, 4, 6, 12, 24, 36, 48, 60... என்று அந்த வரிசை போகும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம், ஒரு மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. மூன்றுமே சாம்பியன்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நாளை எட்டு எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட் பிரிக்க முடிவதற்கும் 24-ன் இந்தத் தாராள குணம்தான் காரணம்.

"அப்போ 72?" என்றாள்.

72-க்கு 12 காரணிகள். ஆனால் 60-க்கே 12 காரணிகள் வந்துவிட்டன. சமன் செய்தால் போதாது, முந்த வேண்டும். அதனால் 72 சாம்பியன் இல்லை. அவளுக்கு அதில் ஒரு சின்ன திருப்தி.

102 எண்கள், கையால்

ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாததால் கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதியவர். 1914 மார்ச்சில் கப்பலேறி இங்கிலாந்து போனார்.

அடுத்த ஆண்டே, 1915-ல், சாம்பியன் எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. அதில்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது. 2-ல் தொடங்கி 6746328388800 வரை 102 எண்கள். கடைசி எண் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியைத் தாண்டுகிறது. கம்ப்யூட்டரும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை. முழுக்க மூளையும் பேனாவும்தான்.

பின்னால் வந்த கணித ஆய்வாளர்கள் பட்டியலைச் சரிபார்த்தபோது அந்த எல்லைக்குள் இருக்க வேண்டியவை 103 என்று தெரிந்தது. ஒன்று குறைந்தது. 90-வது இடத்தில் வந்திருக்க வேண்டிய அந்த எண்:

293318625600

அதாவது, 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ஆதார் எண் போலவே 12 இலக்கம்.

உங்கள் மொபைலை எடுங்கள்

இந்த இடத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். கால்குலேட்டரைத் திறந்து அந்த எண்ணை அடியுங்கள். 2-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. மறுபடி அதே எண்ணை அடித்து 7-ஆல் வகுங்கள்: 41902660800. 13-ஆல் வகுங்கள்: 22562971200. 17-ஆல், 19-ஆல்... புள்ளியே வராது.

கடையில் என் அக்கா மகள் 1 முதல் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டாள். 10 தாண்டியது, 15 தாண்டியது, 20, 21, 22. மாமாவே வியாபாரத்தை விட்டுவிட்டு எட்டிப்பார்க்க ஆரம்பித்தார். 23-ல் முதல்முறையாகப் புள்ளி வந்தது.

"ரூபாய்ல சொல்லு" என்றார் மாமா. அவருக்கு எல்லாமே ரூபாய்தான்.

இப்படிச் சொல்லலாம். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 ரூபாய் இருக்கிறது. வாரிசு ஒருவரோ, ஏழு பேரோ, பதினேழு பேரோ, இருபத்திரண்டு பேரோ, எத்தனை பேராக இருந்தாலும் ஒரு பைசா மிச்சம் இல்லாமல் சமமாகப் பிரிக்கலாம். 23-வது ஆள் பங்கு கேட்டு வந்தால்தான் சிக்கல். ஆளுக்குச் சமமாகக் கொடுத்த பிறகு 17 ரூபாய் மிச்சம் நிற்கும்.

"பதினேழு ரூபாய்க்கு டீ குடிச்சுட்டுப் போக வேண்டியதுதான்" என்று மாமா கல்லாவுக்குத் திரும்பினார்.

ரேஷன் கார்டில் விடுபட்ட பெயர்

அடுத்ததாக நான் காட்டியதுதான் அவளை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது.

293318625600-ஐ 2-ஆல் வகுத்தால் வருவது 146659312800. அது ராமானுஜனின் பட்டியலில் இருக்கிறது. 3-ஆல் வகுத்தால் 97772875200. அதுவும் இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் 73329656400, 6-ஆல் வகுத்தால் 48886437600, 7-ஆல் வகுத்தால் 41902660800. எல்லாமே பட்டியலில் இருக்கின்றன.

சரி, பெருக்கினால்? 293318625600-ஐ 23-ஆல் பெருக்கச் சொன்னேன். கடை கால்குலேட்டர் 'ஈ' என்று காட்டி நின்றுவிட்டது. விடை 13 இலக்கம், அதன் திரையில் இடமில்லை. என் மொபைலில் போட்டோம்.

6746328388800.

பட்டியலின் கடைசி எண்! ராமானுஜன் எங்கே கொண்டுபோய்ப் பட்டியலை முடித்தாரோ, அந்த எண்.

"அப்பா, பாட்டி, பேரன்னு எல்லார் பேரும் இருக்கு. நடுவுல ஒருத்தர் பேர் மட்டும் இல்ல!" என்றாள்.

ரேஷன் கார்டில் பெயர் விடுபட்டு, திருத்தத்துக்காக வரிசையில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. குடும்பத்தில் எல்லோரும் கார்டில் இருப்பார்கள், ஒருத்தரைத் தவிர. அவர் இல்லாமல் போய்விடவில்லை, எழுதும்போது விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். 293318625600 அப்படித்தான்.

5,040 காரணிகளை எப்படி எண்ணுவது?

இந்த எண்ணுக்கு மொத்தம் 5,040 காரணிகள். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு நோட்டே தீர்ந்துவிடும். அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பு மாணவிக்கும் புரிகிற வழி.

முதலில் எண்ணைப் பகா எண்களாக உடைக்க வேண்டும். 293318625600-க்குள் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை இருக்கின்றன. 11, 13, 17, 19 தலா ஒரு முறை. எல்லாவற்றையும் பெருக்கினால் நம் எண் வந்துவிடும்.

இப்போது இதைக் கல்யாணப் பந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு '2'கள் இருக்கின்றன. ஒன்றுமே வேண்டாம் என்பதில் தொடங்கி ஆறையும் எடுத்துக்கொள்வது வரை 7 வழிகள். '3'க்கு 5 வழிகள். '5'க்கு 3, '7'க்கு 3. மற்ற நான்குக்கும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று தலா 2 வழிகள். இலையில் எதை எவ்வளவு எடுத்து வைக்கிறீர்களோ, அதன் பெருக்கல்தான் ஒரு காரணி. ஆக மொத்தம் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5,040.

72-க்கும் இதே வழிதான். 72-ல் 2 மூன்று முறை, 3 இரண்டு முறை. 4 × 3 = 12. எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே மொத்தம் 12 வர வேண்டும் என்று தெரிந்துவிடும். 11-ல் நின்றால், ஒன்று விட்டுப்போனது புரிந்துவிடும்.

இதைச் சொன்னதும் அவள் கேட்ட கேள்வி: "இதை ஏன் சித்தி டெஸ்ட்டுக்கு முன்னாடி சொல்லல?"

பக்கத்து வீடுகளில் எல்லாம் 23

சாம்பியன் எண்ணை உருவாக்குவது மாதச் சம்பளத்தில் பட்ஜெட் போடுவது மாதிரி. புதிதாக 23-ஐச் சேர்த்தால் காரணிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். ஆனால் எண்ணும் 23 மடங்கு பெரிதாகிவிடும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே ஒரு முறை இருக்கும் 7-ஐ இன்னொரு முறை சேர்த்தால் காரணிகள் ஒன்றரை மடங்கு. எண் 7 மடங்குதான் பெரிதாகும். எதில் லாபம், எப்போது லாபம் என்பதுதான் ராமானுஜன் ஆராய்ந்த விஷயம். சின்ன பகா எண்கள்தான் அதிக முறை வர வேண்டும், பெரிதாகப் பெரிதாக அந்த எண்ணிக்கை கூடவே கூடாது என்றார். கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், இதற்கு விதிவிலக்கு 4-ம் 36-ம் மட்டுமே என்றும் நிரூபித்தார். நம் எண்ணைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

இப்போது இந்த எண்ணின் இரண்டு பக்கமும் இருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள். முன்னால் 240940299600, அதற்கு 4,800 காரணிகள். பின்னால் 321253732800, அதற்கு 5,376 காரணிகள். இரண்டுமே 23-ஐச் சேர்த்துக்கொண்டவை. நடுவில் நம் எண் மட்டும் 23 இல்லாமல், அதற்குப் பதிலாக இரண்டு 7-களை வைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்குப் பிறகு பட்டியல் முடியும் வரை 23 இல்லாத எண்ணே கிடையாது. தெருவில் எல்லோரும் புது மாடல் வண்டிக்கு மாறிய பிறகும் பழைய வண்டியிலேயே வேகமாகப் போய்க்கொண்டிருந்த கடைசி ஆள் இவர்!

ஒரு வாரத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்

வாரப் பத்திரிகை வாசகர்களுக்கு ஒரு போனஸ். விட்டுப்போன எண்ணுக்கு 5,040 காரணிகள். 23-ஆல் பெருக்கிய கடைசி எண்ணுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, 10,080. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம்? 7 × 24 × 60 போட்டுப் பாருங்கள். அதே 10,080! இது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல். 5,040-ம் 10,080-ம்கூடச் சாம்பியன் எண்கள்தான்.

5,040-க்கு இன்னும் பழைய பெருமை உண்டு. கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ, ஒரு லட்சிய நகரத்தில் 5,040 குடும்பங்கள் இருக்கட்டும் என்றார். நிலத்தைப் பங்கிடவும், மக்களைக் குழுக்களாகப் பிரிக்கவும் வசதி என்பது அவர் சொன்ன காரணம். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் அது மீதியில்லாமல் வகுபடும்.

புதிய பெருமையும் உண்டு. ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. 5,040-க்கு மேல் உள்ள எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்கினால், 1859-லிருந்து தீராமல் இருக்கும் 'ரீமான் கருதுகோள்' உண்மை. ஒரே ஓர் எண் மீறினாலும் அது பொய். இதை 1984-ல் நிரூபித்தவர் பிரெஞ்சு கணித அறிஞர் கி ரோபன். அந்தக் கருதுகோளைத் தீர்ப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு இன்னும் காத்திருக்கிறது.

இதில் ஒரு ஆச்சர்யம், ராமானுஜனின் 1915 கட்டுரை முழுதாக அச்சாகவே இல்லை. முதல் உலகப் போர் நேரம். லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. செலவைக் குறைக்க, கட்டுரையின் ஒரு பகுதியை அவர் நிறுத்தி வைத்துக்கொண்டார். காரணிகளின் கூட்டுத்தொகைக்கு வரம்பு கட்டும் வேலை அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. 1997-ல், அவர் பெயரிலேயே நடக்கும் கணித இதழில் அவை அச்சேறின. விளக்கக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தவர்கள் ஜான் லூயி நிக்கோலாவும் அதே ரோபனும். எழுதி 80 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பக்கங்கள் பழசாகவில்லை.

அவருக்கு எவ்வளவு மார்க்?

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள். "அப்போ ராமானுஜனுக்கும் முட்டை போட்டாங்களா?"

இல்லை. சாம்பியன் எண்கள் பற்றிய அந்த ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. மெட்ராஸில் தேர்வில் தோற்று, பட்டமே வாங்காமல் கப்பலேறியவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. 1918-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் அவர் இறந்தபோது வயது 32.

விட்டுப்போன ஓர் எண்ணால் அவர் நிரூபித்த எந்த உண்மையும் ஆட்டம் காணவில்லை. காரணம், அவர் விடையை மட்டும் தரவில்லை, விடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற வழியையும் சேர்த்துத் தந்தார். அந்த வழி சரியாக இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் விட்டதைக் கண்டுபிடித்துச் சேர்க்க முடிந்தது.

அதற்காக, தப்பு பண்ணினால் பரவாயில்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. 'அனைத்தையும்' என்று கேட்டால் அனைத்தையும்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த ஒற்றைப் பூஜ்யம் 'உனக்குக் கணக்கு வராது' என்று சொல்லவில்லை. விட்டது எது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தால், கணக்கு வருகிறது என்றுதான் அர்த்தம். பள்ளியில் கணக்கு நோட்டைப் பார்த்தாலே வயிறு கலங்கிய எனக்கு, இதை அந்த வயதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

அன்று இரவு அவள் டெஸ்ட் பேப்பரின் பின்பக்கத்தில் மறுபடி எழுதினாள். இந்த முறை ஜோடி ஜோடியாக. 1-க்கு 72, 2-க்கு 36, 3-க்கு 24, 4-க்கு...

"பதினெட்டு! நாலு தனியா நின்னிருக்கு சித்தி, நான் பார்க்கவே இல்ல."

ஆறு ஜோடி. பன்னிரண்டு காரணிகள். சரியாக இருந்தது.

ரயிலுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தவளிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அதையே உங்களுக்கும் தருகிறேன். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணுக்கு 10,080 காரணிகள். சரி, அந்த 10,080-க்கு எத்தனை காரணிகள்? பகா எண்களாக உடைத்து, பந்திக் கணக்குப் போடுங்கள்.

நான் அம்பத்தூரில் இறங்குவதற்குள் அக்கா மொபைலிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது.

"சித்தி... எழுபத்திரண்டு!"